சோளகத்தாரின் ஈரல்

அந்த நாட்களில் எங்கள் நாட்டில் இரண்டு தரப்புகள் சண்டை பிடித்ததாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஊர்காவற்றுறைக் கரையில் குடியிருந்த எங்களைக் கேட்டால், மூன்றாவது தரப்பு ஒன்றும் இருந்தது என்று சொல்லுவோம். அது சோளகத்தார். மற்ற இரண்டு தரப்பும் இடைக்கிடை பேச்சுவார்த்தைக்காவது போயின. சோளகத்தார் ஒரு நாளும் போகவில்லை.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அவரை அழைத்த ஒருவரையும் நான் கண்டதில்லை. வைகாசியில் கிளம்பி, மணலை வாரி முகத்தில் அடித்து, ஆளை நிமிர விடாமல் வீசும் சோளகக் காற்றின் பெயர்தான் அவருக்குப் பொருந்தியது. வித்தியாசம் என்னவென்றால், காற்று ஆவணி கழிந்தால் அடங்கிவிடும்.

தொழில் மீன்பிடி. வலையில் மீன் இல்லாவிட்டால் கடலை ஏசுவார். மீன் நிறைய வந்தால், இவ்வளவு நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று அதற்கும் ஏசுவார். வானொலியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால், "வணக்கத்தை விடும், விசயத்தைச் சொல்லும்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், எதிரியை மன்னிக்க வேண்டும் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது சோளகத்தார் நடுக்கோயிலில் எழுந்து நின்றார்.

"ஆரை எண்டு பேரைச் சொல்லும் சுவாமி. பேர் தெரியாமல் எப்பிடி மன்னிக்கிறது?"

சுவாமியார் அன்றைக்குப் பிரசங்கத்தை அவ்வளவில் முடித்துக்கொண்டார்.

எனக்கு அவர் பக்கத்து வளவுக்காரர். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தேன். கலியாணம் ஆகாதவன் என்பதால் அக்கா வீட்டில் சாப்பாடும் படுக்கையும். அக்காவின் கணவர் அல்பிரட் அத்தானுக்கும் சோளகத்தாருக்கும் வேலியோரத்து முருங்கை மரத்தை வைத்து ஓயாத சண்டை. மரம் எங்களுடையது. அதில் அப்பும் மசுக்குட்டிகள், அந்த மயிர்ப்புழுக்கள், மட்டும் எல்லை பாராமல் அவருடைய முற்றத்தில் போய் விழும். அவற்றை ஒரு தகரத்தில் பொறுக்கி வந்து, "உன்ரை பிள்ளையள், எண்ணி எடு" என்று வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டுவார். அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவார். அதன் பிறகு அக்கா பானையில் அரிசி போட்டு, சோறு வெந்து, வடித்து இறக்கும் வரை சண்டை நடக்கும். அத்தான் கள்ளுக் குடித்துவிட்டு வரும் நாட்களில் கறியும் முடிந்துவிடும். பிறகு இருவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போவார்கள்.

பாதை பூட்டியிருந்த காலம் அது. தரை வழியாகக் கொழும்புக்குப் போக முடியாது. கடலுக்குப் போகவும் கடற்படையிடம் பாஸ் எடுக்க வேண்டும். அப்படியான ஒரு நாளில் சோளகத்தாருக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு நோவு வந்தது. தன் வயிற்றையே ஏசிப் பார்த்தார், கேட்கவில்லை. யாழ்ப்பாணம் டவுனில் ஸ்கான் எடுக்கும் ஒரு சின்ன இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த மனிதர் வயிற்றில் பசையைப் பூசி, கருவியை வைத்து உருட்டி, சாம்பல் நிறத் திரையில் தெரிந்த ஒரு பொட்டைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"ஈரலிலை கட்டி ஒண்டு கிடக்கு. புற்றாக்கும்."

சோளகத்தார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆக்கும் எண்டால்? ஓமோ, இல்லையோ?"

அந்த மனிதர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு இன்றைக்கும் அந்த 'ஆக்கும்' மேல் ஆத்திரம் தீரவில்லை. மழை வருமாக்கும் என்று சொல்லலாம். பஸ் போயிட்டுதாக்கும் என்று சொல்லலாம். ஒரு மனிதனின் உயிரைப் பற்றி, முகத்தைக்கூடப் பார்க்காமல், அந்தச் சொல்லைத் துப்பலாமா? அதைவிடப் பெரிய அநியாயம் ஊரில் நடந்தது. நாங்கள் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்த 'ஆக்கும்' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. புற்று மட்டும் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து ஊர் சோளகத்தார் மேல் அன்பு வைக்கத் தொடங்கியது. அதைப் போல ஒரு கொடுமையை அவர் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். இறங்கும் வரை அவனை ஏசினார், அவனோ தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். சரவணையிலிருந்து தோடம்பழத்தோடு வந்த உறவினர் ஒருவர், நீங்கள் தங்கமான மனிசன் என்று சொல்லிவிட்டு அழுதார். சுவாமியார் வீடு தேடி வந்து, பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய விருப்பமா என்று மெல்லக் கேட்டார். சோளகத்தாரின் மனைவி திரேசம்மா, அவர் ஒரு சொல் சொன்னால் இரண்டு சொல் திருப்பிக் கொடுக்கிற மனுசி, "நீங்கள் சொன்னால் சரிதான்" என்று குசினி அடுப்படிக்குப் போய்விட்டார்.

இவை எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு காலை நேரம் அல்பிரட் அத்தான் கோடாலி எடுத்து முருங்கை மரத்தை அடியோடு தறித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. மரம் விழுந்த சத்தம் கேட்டு வேலிக்கு ஓடி வந்தார்.

"ஆரைக் கேட்டுத் தறிச்சனீ?"

"உங்களுக்கு இனிக் கரைச்சல் வேண்டாம் அண்ணை" என்றார் அத்தான். அத்தான் அவரை அண்ணை என்று கூப்பிட்டது எனக்குத் தெரிய அதுதான் முதல் முறை.

சோளகத்தாரின் முகம் கறுத்துவிட்டது. வேலியைப் பிடித்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவங்கள் எனக்கு மண் அள்ளிப் போட்டிட்டாங்கள். நான் இருக்கிறனோ போறனோ எண்டு எனக்கு வடிவாத் தெரிய வேணும். சாகிறதெண்டால் சாகிறன். உந்த ஆக்குமோடை என்னாலை இருக்க ஏலாது."

அடுத்த நாள் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். ஈரலில் வரும் கட்டிகளில் பல வகை உண்டு, சில ஆளை முடித்துவிடும், சில சாகும் வரை கூடவே இருந்தும் ஒன்றும் செய்யாது, இந்தச் சாம்பல் படத்தில் எல்லாம் ஒரே பொட்டாகத்தான் தெரியும், சாயம் ஏற்றி அடுத்தடுத்து எடுக்கும் படத்தில்தான் இனம் பிரிக்கலாம், அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். தனக்கும் எது என்று தெரியாது என்றும் சொன்னார். சோளகத்தார் ஏசாமல் விட்ட முதல் உத்தியோகத்தர் அவர்தான்.

கொழும்புக்குப் போக வேண்டும் என்று சொல்வது சுலபம். பாஸுக்கு வரிசை. பாஸ் கிடைத்தபின் கப்பலுக்கு வரிசை. கப்பல் வராது, திரும்பிப் போய் மறுபடி வா என்பார்கள். காங்கேசன்துறைத் துறைமுக வெயிலில் எங்களோடு நின்றவர்களில் கண் தெரியாதவர்கள் இருந்தார்கள், நிறைமாதக்காரிகள் இருந்தார்கள், இடுப்பில் குழாய் வைத்தவர் ஒருவர் இருந்தார். தன் வயிற்றுக்குள் இருப்பது தன்னைக் கொல்லுமா கொல்லாதா என்று அறிந்துகொள்ள ஒரு மனிதன் துவக்குப் பிடித்த படைக்காரனிடம் அனுமதி கேட்டு நின்ற காலம் அது. எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருந்தது என்று எனக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

என் பயமெல்லாம் சோளகத்தாரின் வாயைப் பற்றியதுதான். முன்பு குருநாகலில் வேலை செய்ததால் எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும். கதைக்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வாயே திறக்க வேண்டாம் என்று கெஞ்சி வைத்திருந்தேன். கப்பலிலிருந்து திருகோணமலையில் இறங்கியதும் சீருடை போட்ட ஒரு பொடியன், அவருக்கு மகனாக இருக்கக்கூடிய வயது, பையைத் தலைகீழாகக் கொட்டி, மருந்துப் போத்தலைத் திறந்து மணந்து, உடுப்பைக் காலால் தள்ளிப் பார்த்தான். சோளகத்தாரின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அவர் குனிந்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பஸ் புறப்பட்டதும் தொடங்கினார். ஒரு படை முழுவதற்கும் சேர வேண்டிய ஏச்சைக் கொழும்பு வரை நான் தனி ஆளாக வாங்கினேன். ஒரு சொல்லுக்கும் நான் குறை சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி, பொலிசில் பெயரைப் பதிந்து, ஸ்கான் எடுக்கும் இடத்துக்குப் போனோம். படம் பார்ப்பவர் நரைத்த தலைமுடியோடு ஒரு டொக்டர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு பெரிய வளையத்துக்குள் கட்டில் போய் வரும். அதற்குள் ஒரு பதிவுக்குரல் இருந்து, மூச்சை இழு, அடக்கு, விடு என்று ஆங்கிலத்தில் சொல்லும். சோளகத்தார் அந்தக் குரலோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். ஆரடா நீ, முன்னுக்கு வந்து சொல்லு என்று அவர் கேட்க, படம் முழுக்க ஆடிப்போனது. டொக்டர் அம்மா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஐயா, உங்கடை வீரத்தைக் காட்டுற இடம் இது இல்லை. மூச்சை அடக்குங்கோ எண்டால் அடக்குங்கோ. கதைக்கிறதெண்டால் எழும்பிப் போங்கோ."

சில கிழமைகளுக்குப் பிறகு, முதன்முதலாக ஒருவர் சோளகத்தாரைச் சுகதேகியைப் போல ஏசியிருக்கிறார். சொன்னபடி மூச்சை அடக்கினார்.

பிறகு ஊசியில் சாயத்தை ஏற்றினார்கள். அது போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சலம் போய்விட்டதுபோல ஒரு உணர்ச்சி வரும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் என்னை ஒரு மூலைக்கு இழுத்துப் போனார்.

"தம்பி, என்னைக் கிடத்தி வைச்சு மூத்திரம் பெய்ய வைச்சுப்போட்டாங்கள். இந்த வயதிலை எனக்கு இது தேவையோ?"

சாரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. அப்படியானால் பொய்யாக ஏன் அந்த உணர்ச்சியைத் தந்தார்கள் என்று அதற்கும் கோபித்தார்.

மாலையில் டொக்டர் அம்மா படங்களை வெளிச்சப் பெட்டியில் வரிசையாகச் செருகினார். முதலாவதில் கட்டியின் ஓரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள். அடுத்ததில் வெள்ளை உள்ளுக்கு ஏறியிருந்தது. கடைசிப் படத்தில் கட்டி முழுவதும் நிரம்பியிருந்தது. கெட்ட கட்டி பெரும்பாலும் அவசரக்காரன், சாயம் வந்த உடனே குடித்துவிட்டு, ஈரலின் மற்றப் பகுதி அதை வைத்திருக்கும்போதே துப்பிவிடும், இது ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளுக்கு எடுத்து, எடுத்ததைப் பிடித்து வைத்திருக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருண்டு கிடக்கும் ஒரு முடிச்சு இது, புற்று இல்லை, வெட்டவும் தேவையில்லை என்று விளக்கினார். விலா நோவு வலை இழுத்ததில் வந்த தசைப் பிடிப்பாக இருக்கும் என்றார்.

சோளகத்தார் படத்துக்குக் கிட்டப் போய் நின்றார்.

"கரையிலை இருந்து வெள்ளம் ஏறுற மாதிரி" என்றார்.

"ஓம். அப்பிடித்தான்."

"ஆக்குமோ?"

"ஆக்கும் இல்லை ஐயா. அதுதான்."

அவர் கதிரையில் உட்கார்ந்து முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். சால்வையை எடுத்தபோது பழைய முகம் வந்திருந்தது. "தோடம்பழம் கொண்டந்தவன் எல்லாரையும் இனி நான் பாக்கிறன்" என்றார்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகும் முன் அந்த டவுன் ஸ்கான்காரரிடம் போனார். அடிப்பார் என்று பயந்து பின்னால் ஓடினேன். அடிக்கவில்லை. வாசலில் நின்று, "தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லும் காணும். அதிலை வெக்கம் ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குப் போய், தறித்துக் குவித்திருந்த முருங்கையில் இன்னும் பச்சை இருந்த ஒரு கொப்பைத் தேடி எடுத்து, அத்தானின் கையில் கொடுத்து, அதே இடத்தில் நட வைத்தார். திரேசம்மா பழையபடி இரண்டு சொல் கொடுக்கத் தொடங்கினார். ஊர் அன்பை நிறுத்தியது. எல்லோருக்கும் நிம்மதி.

அதன் பிறகு ஈரல் விசயத்தில் அவர்தான் எங்கள் தீவுப்பகுதிக்கே நிபுணர். சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் மீன் குழம்பை விட்டு, அது மெல்ல நடுவுக்கு ஊறி வருவதைக் காட்டி, "இது நல்லவன்" என்பார். ஒரே அடியாக நடுவில் ஊற்றி, கோப்பையைச் சரித்துக் குழம்பை வடித்து, "இது கள்ளன்" என்பார். சாட்டிக் கடற்கரையில் குளிக்க வந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை இருத்தி, அவர்களுடைய சோற்றிலேயே இதைச் செய்து காட்டினார் என்று கேள்வி.

அடுத்த வருடம் அல்பிரட் அத்தான் மெலியத் தொடங்கினார். சாப்பாடு செல்லவில்லை. ஸ்கானில் அதே மாதிரி ஒரு பொட்டு. அக்கா படியில் உட்கார்ந்து அழுதாள். சோளகத்தார் வேலியைத் தாண்டி வந்தார்.

"என்னத்துக்கு அழுகிறீர்? எனக்கும் இதைத்தானே சொன்னவங்கள். அல்பிரட்டின்ரை கட்டி நல்லவன். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக்கொண்டு வாறன்."

எனக்கு அந்த முறை பாஸ் கிடைக்கவில்லை. அவர்தான் கூட்டிப்போனார். ஒரு சொல் சிங்களம் தெரியாத அந்த மனிதர், வழியெல்லாம் கோபத்தை விழுங்கிக்கொண்டு, தன் எதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். கப்பலில் அத்தான் சத்தி எடுத்தபோது இவர் தன் சால்வையால் துடைத்துவிட்டாராம். அதைப் பிறகு அத்தான்தான் சொன்னார்.

சில நாள் கழித்துச் சங்கக்கடைக்கு ரெலிபோன் வந்தது. சோளகத்தார் ரெலிபோனில் கதைத்தால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அன்றைக்குக் காதோடு அழுத்தியும் சரியாகக் கேட்கவில்லை.

"தம்பி, சாயத்தை உடனை குடிச்சுது. உடனை துப்பிப்போட்டுது."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"திரும்பவும் வடிவாப் பாக்கச் சொல்லிக் கேட்டனான். பாத்தவ. அந்த மனிசி பிழை விடாது தம்பி."

குடியினால் ஈரல் முன்பே இறுகிப் போயிருந்தது என்றும், அப்படியான ஈரலில் வெட்டிச் சத்திரசிகிச்சை செய்ய முடியாது என்றும் டொக்டர் அம்மா சொல்லியிருந்தார். அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிய அன்று சோளகத்தார் கத்தவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம், நான் நம்பிக்கை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனவன், இப்ப அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுறது என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை என்றது என் அக்காவை.

ஊர் இப்போது எங்கள் வீட்டுக்குத் தோடம்பழத்தோடு வரத் தொடங்கியது. சோளகத்தாரும் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பிடி இருக்கு அல்பிரட்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அத்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீரும் உப்பிடிக் கதைச்சால் நான் சரியாச் செத்துப்போவன் காணும். ஏசும்."

அடுத்த நாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. புதுமுருங்கை கொப்பு விட்டுத் தன் வளவுக்குள் எட்டிப் பார்க்கிறதாம், வளர்க்கத் தெரியாதவனெல்லாம் ஏன் மரம் வைக்கிறான் என்று. அத்தான் தன் கட்டிலை யன்னலோடு தள்ளிப் போடச் சொன்னார். படுத்தபடியே பதில் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் சண்டை. தொழிலுக்குப் போன நாளும் சோளகத்தார் வந்தார், திரேசம்மாவுக்குக் காய்ச்சல் என்ற நாளும் வந்தார். சண்டை முடிந்ததும் வேலியோரமாகக் குந்தி இருந்து சால்வையால் முகம் துடைப்பதை அக்கா குசினியிலிருந்து கண்டிருக்கிறாள்.

வாடைக் காற்று தொடங்கியபோது அத்தானுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் திறந்திருந்தது. அன்று சோளகத்தார் வேலியில் நிற்கவில்லை, உள்ளே வந்து கட்டிலருகில் நின்றார். எங்கள் கரையில் அத்தான் ஓயாமல் சொல்லும் ஒரு கதை இருந்தது. இளந்தாரியாக இருந்தபோது தன் உயரத்துக்குச் சமமாக ஒரு கொடுவா மீன் பிடித்தாராம். ஒருவரும் நம்புவதில்லை. சோளகத்தார் அதை எடுத்தார்.

"கொடுவாவாம், ஆள் உயரமாம். ஆருக்குக் காணும் பூச்சுத்திறீர்?"

சொல்லிவிட்டு, அத்தான் பதில் சொல்ல எடுக்கும் நேரம் அளவுக்குப் பொறுத்தார். பிறகு அத்தானுடைய குரலில், அத்தான் சொல்லும் அதே சொற்களில், தனக்குத் தானே பதில் கொடுத்தார். திரும்பத் தன் பக்கத்தைச் சொன்னார். மறுபடி அத்தானுடையதை. அறையில் நின்ற நாங்கள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கடைசியில் அவர் குனிந்து அத்தானின் காதருகில் வாயை வைத்தார்.

"சரி, நீர் வெண்டிட்டீர். மீன் உம்மடை உயரம்தான். நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

அத்தானின் உதடு ஒரு பக்கம் இழுபட்டது. அது சிரிப்புத்தான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள்.

அந்த மீன் பிடிபட்டதாகச் சொல்லும் காலத்தில் சோளகத்தார் மன்னாரில் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்த அறையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும்.